மூப்பரின் மீன் தராசு

முதல் நெல் மூட்டை தராசில் தொங்கியது. அறுபத்தைந்து கிலோ. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

கோயில் மூப்பர் அந்தோனிமுத்துவின் முகம் கோணிப்போனது. குறையும் என்றுதான் அவர் விடிந்ததிலிருந்து காத்திருந்தார்.

பாதர் குடியிருக்கும் பங்குமனை முற்றத்துப் பாலை மரத்தில் தொங்கியது அவருடைய சொந்தத் தராசு. முல்லைத்தீவுக் கரையில் முப்பது வருடம் மீன் நிறுத்தது. எத்தனை முறை கழுவினாலும் மீன் வெடுக்குப் போகாதது. வியாபாரியின் தராசை அவர் நம்புவதில்லை, குத்தகைக்காரரின் தராசையும் நம்புவதில்லை. கரையில் தோணி முதலாளிகளான சம்மாட்டிமாரிடம் ஏமாந்து ஏமாந்து, ஆண்டவரே இறங்கிவந்து நிறுத்தாலும் முள்ளை எட்டிப் பார்க்கிற ஆளாகிவிட்டார்.

கோயிலுக்கென்று வருமானம் தருவது அந்த மூன்று ஏக்கர் வயல்தான். பங்குமனைக் கூரை ஒழுகி, மாரி முழுக்கப் பாதர் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு திரிந்தார். குத்தகையாக வரும் இந்த இருபது மூட்டை நெல்லை விற்றுத்தான் ஓடு மாற்ற வேண்டும்.

வயல் செய்கிறவர் பொன்னையா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கோயில் வயலை விட்டால் அவருக்கு வேறு காணி கிடையாது. அதிகம் பேசமாட்டார். மூப்பரின் சந்தேகத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூன்று நாட்களுக்கு முன், வெட்டு மெசின் நெல்லைக் கொட்டிய கையோடு, வரம்பிலேயே வைத்து மூட்டைகளை நிறுத்தார் மூப்பர். தோணி கரை சேர்ந்ததும் மீனை நிறுப்பதுதான் அவருக்குத் தெரிந்த முறை. பிந்தினால் யாராவது கை வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு மூட்டையும் அறுபத்தைந்து. மெசின் கூலி, உரக் கடன் எல்லாம் போகப் பொன்னையாவின் வீட்டுச் சோற்றுக்கு மிஞ்சியது இரண்டே மூட்டை. அதையும் மூப்பரே எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு, கோயில் நெல்லைக் கொண்டுபோய்த் தெருவில் காயப்போட்டுத் தருகிறேன் என்று பொன்னையா சொன்னதும் மூப்பருக்குப் பொறி தட்டியது.

"இறக்கின நிறை இதுதான் பொன்னையா. இதிலை ஒரு கிலோ குறைஞ்சாலும் அடுத்த போகம் வயல் உமக்கில்லை."

பொன்னையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாட்டுச் சொல்ல வேண்டாம் என்று மூப்பர் கையைக் காட்டினார். பொன்னையா மூட்டைகளை ஏற்றினார்.

இப்போது ஐந்தாவது மூட்டையும் அறுபத்தைந்து. எட்டாவதும் அறுபத்தைந்து.

ஒன்பதாவது மூட்டையில்தான் மூப்பர் அதைக் கண்டார். வயலில் கட்டியபோது சாக்கின் வாயில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. இப்போது கழுத்துவரை அடைத்து, முடிய இடமில்லாமல் தைத்திருக்கிறது. நிறை அதேதான், மூட்டை மட்டும் பெருத்திருக்கிறது.

பதரைக் கலந்துவிட்டார்! நல்ல நெல்லை எடுத்துவிட்டுப் பதரையும், நிறைக்குக் கல்லையும் போட்டு அடைத்திருக்கிறார்!

மூப்பர் தையலைப் பிரித்து மூட்டையை அப்படியே தரையில் விரித்திருந்த படங்கில் கவிழ்த்தார். முழங்கைவரை விட்டு அளைந்தார். கல் இல்லை, பதர் இல்லை. பொன்னிறமாய் நல்ல மணிகள். பொன்னையா குனிந்து நெல்லை அள்ளித் திரும்பச் சாக்கில் போட்டார்.

மூப்பருக்கு மனம் ஆறவில்லை. மூட்டைகளை இழுத்துவந்த பொன்னையாவின் லான்ட்மாஸ்டர் உழவு மெசினைச் சுற்றிவந்தார். அதன் பின்பெட்டிக்குள் கடை அரிசிப் பை ஒன்று கிடந்தது, ஐந்து கிலோ. அறுவடை முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது, நெல் விளைவித்தவர் கடையில் அரிசி வாங்குகிறாராம். காசு எங்கிருந்து வந்தது? நல்லாக அகப்பட்டார் என்று நினைத்துக்கொண்டு தராசுக்குத் திரும்பினார்.

இருபதாவது மூட்டையும் அறுபத்தைந்துதான்.

கோயிலுக்கு ஒரு மணி நட்டமில்லை. பாதரின் கூரைக்கு ஓடு வந்துவிடும். சந்தோசப்பட வேண்டிய இடத்தில் மூப்பருக்கு எரிச்சல்தான் வந்தது.

நெல் வாங்க லொறியோடு வந்திருந்த நிஷாந்தன் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தான். கடக்கென்று உடைந்தது.

"நல்லாக் காய்ஞ்சிருக்கு மூப்பர். இந்தளவுக்குக் காயிறதெண்டால் மூட்டைக்கு ஆறு கிலோவாவது குறைஞ்சிருக்குமே. வெட்டேக்கை நிறை எவ்வளவு நிண்டது?"

மூப்பர் படங்கில் சிந்திக் கிடந்த மணியொன்றை எடுத்துத் தானும் கடித்துப் பார்த்தார்.

நாலு கிலோ மீன் காய்ந்தால் ஒரு கிலோ கருவாடு என்று பல் முளைத்த நாளிலிருந்தே தெரிந்த மனிதர் அவர். நெல்லுக்குள்ளும் தண்ணீர் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மூட்டைக்கு ஆறு. இருபது மூட்டைக்கு நூற்றிருபது. காய்ந்த நெல்லில் அது இரண்டு மூட்டை, பொன்னையாவின் வீட்டுச் சோற்றுக்கு மிஞ்சிய அதே இரண்டு மூட்டை.

வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. நிமிர்ந்து பார்த்தார். பொன்னையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி முன்னால் நின்றார்.

"நிறை சரிதானுங்களே ஐயா? அடுத்த போகத்துக்கு நானே உழவு போடலாமுங்களா?"