காளை மேல் சத்தியம்

“ஒரு சொல்லும் பொய்யில்ல கேப்டன். தரை எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. எங்கம்மா மேல சத்தியம்!” என்றான் கோவாங், கம்பெனி கொடுத்த போனை வாயோடு ஒட்டிக்கொண்டு.

தலைநகர் ஜூபாவில் விமானி ஒத்தியெனோ கொஞ்சம் யோசித்தார். “எப்பவும் உன் காளை மேலதானேய்யா சத்தியம் பண்ணுவே? இன்னிக்கு என்ன அம்மா?”

“காளைக்கு வயிறு சரியில்ல. அதை ஏன் இதுல இழுக்கணும்?”

விமானி சிரித்துவிட்டார். “சரி, கெளம்புறேன்.”

கோவாங் உடனே போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டான். மறுபடி கூப்பிட்டு, வேறு யார் மேலாவது சத்தியம் கேட்டால் வம்பு.

நியாங்கோர் ஓடுதளம் என்பது நாணல் சதுப்புக்கு நடுவே கிடக்கும் வெறும் கரிசல் மண். மழைக்காலத்தில் அதைக் குதிகாலால் மிதித்துப் பார்த்து, சேறா, காய்ந்ததா என்று ஜூபாவுக்குச் சொல்வதுதான் கோவாங்குக்கு வேலை. காய்ந்தது என்று அவன் சத்தியம் செய்தால் வெண்நாரைக் கம்பெனியின் குட்டி விமானம் வரும், இல்லாவிட்டால் வராது.

நூவர் இனத்து ஆண்பிள்ளை தன் காளை மேல் பொய்ச் சத்தியம் செய்யமாட்டான். இவனுடையது சாம்பல் நிறக் காளை. கன்றிலிருந்து கொம்பை வளைத்து வளர்த்து, அதன் பேரையே தன் பேராகச் சொல்லிப் பாடி ஆடுகிறவன் கோவாங். அம்மாவோ கண் ஆபரேஷனுக்கு ஜூபா போய், சித்தி வீட்டில் கட்டுப் போட்ட கண்ணோடு சுகமாக உட்கார்ந்திருக்கிறாள். இங்கிருந்து சத்தியம் செய்தால் அங்கே அவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

அன்று காலை மிதித்தபோது மேலே ஓடு மாதிரிக் காய்ந்திருந்தது. அடுத்த மிதியில் முழங்கால் வரை உள்ளே போனது. கோவாங் காலை உருவிக்கொண்டு, அந்தக் குழியை மண் போட்டுப் பக்குவமாக மூடினான்.

எல்லாம் அவன் ஆசை வைத்திருந்த நியாகுமாவுக்காகத்தான். அவளைக் கட்ட ஜூபாவில் வேலை பார்க்கும் லாம் பேசி முடித்திருந்தான். பெண்ணுக்குப் பரிசமாக மாடுகள் வந்து சேர்ந்து தொழுவத்தில் அசை போடுகின்றன, முதல் விமானத்தில் ஏறக் காத்திருக்கும் மாப்பிள்ளை மட்டும்தான் பாக்கி. அவன் வரக்கூடாது என்று கோவாங்கும் மழை தொடங்கியதிலிருந்து “சேறு, சேறு” என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆனால் பெண்ணின் அப்பா பூக் அசையவில்லை. “சேறுன்னா காயட்டும். எத்தனை மழை பெஞ்சாலும் அவனுக்குத்தான்,” என்றுவிட்டார். தாமதம் போதாது, மாப்பிள்ளையே இல்லாமல் போனால்தான் ஆகும் என்று கோவாங்குக்கு அன்றுதான் உறைத்தது. உடன் வரும் மற்ற பயணிகளைப் பற்றியும் யோசித்தான், ஈ ஒன்று மாட்டின் காதில் உட்கார்ந்து எழும் நேரம் வரை.

நண்பகலில் விமானச் சத்தம் கேட்டது. பூக் புதுத் துணி போர்த்திக்கொண்டு ஓடுதளத்துக்கு வந்துவிட்டார்.

“தரை தாங்குமாடா?”

“தாங்கும் மாமா.”

“மாமாவா? யாருக்குடா மாமா?”

“ஊருக்கே நீங்க மாமாதானே.”

“வாய் மட்டும் குறைச்சலில்ல. லாமைப் பாரு, பெரியவங்க வந்தா எழுந்து எடத்தைக் குடுத்துட்டு நிப்பான். நீ? ஒங்கம்மா நிக்க, நீ முக்காலியில உக்காந்து பால் குடிக்கிறவன்.”

“அந்த நல்ல மனசுக்குத்தான் மாமா, கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு,” என்று சொல்லிவிட்டு, கோவாங் வெள்ளைத் துணியை உயர்த்தி ஆட்டினான். வெள்ளை ஆடினால் இறங்கலாம்.

விமானம் ஒரு சுற்றுச் சுற்றி, கொக்கு மாதிரிக் கால்களை நீட்டிக்கொண்டு இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டது, ஓடு உடைந்தது. மூக்கு மண்ணுக்குள் புதைய, வால் எழுந்து நின்று ஒரு கணம் யோசித்தது. பிறகு விமானம் தலைகுப்புறப் புரண்டு சதுப்புக்குள் போய் விழுந்தது. நாணலுக்கு மேலே வாலில் வரைந்திருந்த வெண்நாரை மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் மெல்ல இறங்கியது.

பூக் அலறிக்கொண்டு ஓடி, இடுப்பளவு சேற்றில் சிக்கி நின்றார். ஊர் முழுக்க ஓடி வந்து அவர் பின்னால் சிக்கியது.

கோவாங் ஓடவில்லை. அவனுக்கு வேலை இருந்தது. ‘ஐயோ கேப்டன் போயிட்டாரே, நேத்து ராத்திரி மழை உள்ளே ஊறினது தெரியலையே’ என்று கம்பெனிக்கு அழுதுகொண்டே சொல்ல வேண்டும். காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். தொண்டையைச் செருமி, கண்ணில் எச்சில் தொட்டுக்கொண்டு போனை உயிர்ப்பித்தான்.

அவன் எண்களை அழுத்துவதற்குள் அதுவே அடித்தது.

“அண்ணே! நான் லாம் பேசுறேன். காலையிலேர்ந்து அடிக்கிறேன், உங்க போன் செத்தே கெடக்கு. நான் இன்னிக்கு வரலன்னு மாமாகிட்ட சொல்லிடுங்க.”

கோவாங் போனைக் காதில் வைத்தபடியே, வெண்நாரை மறைந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“உங்கம்மா கட்டைப் பிரிச்ச கண்ணோட இங்க வந்து நின்னாங்கண்ணே. மகன் மொகத்தைத்தான் மொதல்ல பாக்கணும்னு ஒரே அடம். சீட்டு இல்ல. பிளேன்ல ஏறவும் பயம். ‘உங்க மகன் உங்க மேலயே சத்தியம் பண்ணிருக்கான்மா’ன்னு கேப்டன் சொன்னதும்தான் தெம்பு வந்துச்சு. என் சீட்டைக் குடுத்து ஏத்தி விட்டேன். பத்திரமா எறங்கிட்டாங்களாண்ணே?”