ஹலோ சொன்னது யார்?

"ஹலோ, அம்மா" என்றான் வில்யாமி.

கையில் பை, தோளில் பனித்தூள். கதவை அகலத் திறந்து பிடித்தபடி "தேவ சமாதானம், தங்கம்" என்று நான் ஆரம்பித்திருந்தேன். 'தங்கம்' என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் ஹலோ சொல்வதில்லை. ஹலோ தபால்காரருக்கு. ஹலோ பல் டாக்டருக்கு. விசுவாசிக்கு விசுவாசி சொல்வது தேவ சமாதானம், பதிலுக்கும் அதேதான். எங்கள் சபையில் பேச்சு வராத குழந்தைகூட அந்தச் சொல்லைக் கேட்டால் கை நீட்டும்.

என் அக்கா மகன் ஒருநாள் அதை நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எங்கள் கல்யாணங்களில் ஒரு விருந்தாளி, அவ்வளவுதான். யாரும் அவனைத் திட்டவில்லை. நன்றாகச் சாப்பிடச் சொன்னோம்.

எனக்குத்தான் காதில் சரியாக விழவில்லை என்று வைத்துக்கொண்டேன். ஊலு யூனிவர்சிட்டியிலிருந்து அத்தனை தூரம் பஸ்ஸில் வந்த பிள்ளை. பரீட்சைக் களைப்பு வேறு.

"தேவ சமாதானம்" என்றேன் மறுபடியும், மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி.

அவன் என்னை நேராகப் பார்த்தான். பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது அவனுக்கு.

"ஹலோ!"



சமையலறையில் என் கணவர் ரைமோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தத்தில் அவருக்கு அந்த ஒரு சொல்தான் கேட்டிருக்கிறது. "யாரு அது? மீட்டர் பாக்க வந்தவரா? சனிக்கிழமைகூட விடமாட்டாங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் அதுதான் வரும்.

"உள்ள வந்து பூட்ஸக் கழட்டு. குளிரு பூரா வீட்டுக்குள்ள வருது, மரம் மாதிரி நிக்கிற."

அவன் அசையவில்லை. எப்போதும் வாசலிலேயே ஒரு பூட்ஸை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமுமாக உதறிவிட்டு ஏலக்காய் ரொட்டிக்கு ஓடி வருகிறவன், நாடாவை இறுக்கிக் கட்டியபடி படியிலேயே நின்றான்.

"யாருடா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?" என்றேன். "எந்தக் கூட்டாளி?"

"நீதான்ம்மா."

நான் எழுதுகிறவள். சபைப் பெண்களுக்காக ஒரு வலைப்பூ வைத்திருக்கிறேன். ஜன்னல் திரை வெளுப்பதிலிருந்து மனச்சோர்வு வரைக்கும் யார் என்ன கேட்டாலும் பதில் போடாமல் விட்டதில்லை. என் பிள்ளைகள் ஒருத்தரும் அதைப் படிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒருவர் பெயர் போடாமல் கேட்டிருந்தார். 'விசுவாசம் என்னை விட்டுப் போய்விட்டது. வீட்டுக்குப் போனால் அம்மா வாசலில் சமாதானம் சொல்வாள். திருப்பிச் சொன்னால் பொய். சொல்லாவிட்டால் அவள் உடைந்துபோவாள். நான் என்ன செய்ய?'

ஒரே மூச்சில் பதில் எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருந்தது.

பொய்ச் சமாதானம் கர்த்தருக்கு வேண்டாம், ஹலோ என்றே சொல்லுங்கள் என்றேன். பூட்ஸைக் கழற்றும் முன் சொல்லிவிடுங்கள், உள்ளே வந்து உட்கார்ந்து அவள் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னால் அது திருட்டு என்றேன். அம்மா என்ன செய்வாளோ என்று பயப்படாதீர்கள் என்றும் எழுதினேன். பெற்றவள் ஒரு சொல்லுக்காகப் பிள்ளையை வெளியே நிறுத்துவாளா? விஷயம் தெரிந்த பிறகும் 'கழற்று' என்று அவளே சொல்வாள்.

அதைப் படித்துவிட்டுப் பிரசங்கியாரின் மனைவி போன் போட்டு அழுதாள். எத்தனையோ பேர் பகிர்ந்தார்கள். நானும் அன்றிலிருந்து தினமும் அந்த முகம் தெரியாத அம்மாவுக்காக ஜெபம் செய்துவந்தேன். பாவம், எந்த ஊர்க்காரியோ, எப்படித் தாங்கப்போகிறாளோ என்று நினைத்து நினைத்து.

இன்று காலையில்கூடச் செய்தேன்.

"யாருன்னு கேக்குறேன்ல?" ரைமோ மறுபடியும் குரல் கொடுத்தார்.

"வில்யாமி" என்றேன்.

குழாய் நின்றது. ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நம்ம வில்யாமியா? அப்போ ஹலோ சொன்னது யாரு?"

ஒன்பது பிள்ளைகளை வளர்த்து, ஊருக்கெல்லாம் பதில் எழுதியவள் நான். என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

வில்யாமி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டான், ஐந்து வயதில் செய்த மாதிரியே. பூட்ஸிலிருந்து பனி உருகிப் படியில் வழிந்தது.

"முன்னாடி கழட்டுன்னு நீ தெரியாம சொல்லிட்ட" என்றான். "இப்ப சொல்லும்மா. கழட்டட்டுமா?"

உள்ளேயிருந்து ரைமோவின் காலடி கேட்டது.

கதவை இன்னும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.