சூயிங்கம் அக்காவின் சந்தேகம்

"சார், இந்தப் பிப்பெட்டை எப்படிப் பிடிக்கணும்? எனக்கு இன்னும் கைவரலை."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது கேள்வி. கேட்டவள் நேற்றுச் சேர்ந்தவள் இல்லை. துளித்துளியாக உறிஞ்சி விடும் அந்தக் குழாயைப் பிடித்துப் பிடித்தே இந்த ஆய்வுக்கூடத்தில் தலை நரைத்தவள். யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒட்டிக்கொண்டு விடமாட்டாள் என்பதால் எல்லோருக்கும் சூயிங்கம் அக்கா.

"கேட்டியா?" என்றாள் புதுசு. சேர்ந்து ஒரு வருஷமாகியும் அவளுக்கு அந்தப் பெயர்தான். "காக்கா பிடிக்கறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

பக்கத்து மேசை ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டான். யார் குரலும் அவன் வாயில் வரும்.

"கட்டை விரல் இங்க. மணிக்கட்டு தளர்வா. புரியுதா?" என்றான் டைரக்டர் குரலில்.

"கட்டை விரல் இங்கம்மா," என்றார் கண்ணாடிக்கு அப்பால் நிஜ டைரக்டர். "மணிக்கட்டு தளர்வா. புரியுதா?"

புதுசுக்குச் சிரிப்பு வரவில்லை. சாயந்திரம் கமிட்டி வருகிறது. இன்றைய சோதனை சரியாக வந்தால் அவள் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் அதோடு சேர்ந்து அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். வைரஸின் என்சைம் ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருந்தது.

"கமிட்டிகிட்ட என்ன சொல்லப் போறே?" என்றான் ரேடியோ. "எனக்குச் சொல்லு. எனக்குப் புரிஞ்சா அவங்களுக்கும் புரியும்."

"வைரஸ் பெருகணும்னா அதோட என்சைம் ஒரு ஆர்.என்.ஏ. இழையைக் கவ்வி நகல் எடுக்கணும். நான் பண்ணது அதே மாதிரி ஒரு இழை. ஆனா அங்கங்க ரசாயனத்தை மாத்தி வச்சிருக்கேன். அசல்னு நினைச்சு என்சைம் கவ்விடும். அப்புறம் மெல்லவும் முடியாது, துப்பவும் முடியாது. அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கும். வேற எதையும் தொடாது."

"நம்ம சூயிங்கம் அக்கா மாதிரின்னு சொல்லிடு. சட்டுனு பிடிச்சுக்குவாங்க."

"அவங்க பேச்சை எடுக்காதே. கடுப்பாகுது."

கடுப்புக்குக் காரணம் இருந்தது. இதற்கு முன்னால் இதே சோதனை கெட்டுப் போனபோதெல்லாம் கெடுத்தது டைரக்டர்தான். திறந்த சோதனைக் குழாய்களைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குவார். குனிவார். "இப்படி விடணும், புரியுதா?" என்பார். அந்தப் 'பு'வோடு சேர்ந்து தெறிக்கிற எச்சிலில் ஒரு பொட்டுப் போதும், சாதாரண ஆர்.என்.ஏ. எல்லாம் கரைந்துவிடும். பிறகு என்சைமை நிறுத்தியது அவள் இழையா, அவர் எச்சிலா என்று யார் சொல்வது?

இதை ஒரே ஒருவன் அவரிடம் எடுத்துச் சொன்னான். அவன் இப்போது கீழ்த்தளத்தில் அட்டைப் பெட்டி அடுக்குகிறான்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், அதுவும் இன்றைக்கு, பாடம் கேட்க ஒருத்தி.

புதுசு குழாய்களைத் திறந்தாள். முதல் வரிசையில் இழை போடவில்லை, வெறும் என்சைமும் ஆர்.என்.ஏ.வும். அடுத்த வரிசையில் அவளுடைய இழை.

கதவுப் பிடி திரும்பியது.

"என்னம்மா நடக்குது இங்க?" டைரக்டரின் பாதி உடம்பு உள்ளே வந்துவிட்டது. கை மாஸ்க்குக்குப் போய்விட்டது.

புதுசு திறந்த குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சார்," என்றது வெளியிலிருந்து ஒரு குரல். "கட்டை விரலை எடுத்தா குழாய் விழுது சார். நீங்க வந்து பிடிச்சுக் காட்டினாத்தான் ஆகும்."

"இத்தனை நேரம் அதைத்தானேம்மா சொன்னேன்." பாதி உடம்பு வெளியே போனது. கதவு மூடிக்கொண்டது.

புதுசு குழாய்களை மூடி மெஷினுக்குள் வைத்தாள்.

திரையில் கோடுகள் வந்தன; நகல் கூடக் கூடக் கோடு ஏறும். இழை போடாத குழாய்களில் கோடு மளமளவென்று ஏறியது. அவள் இழை போட்ட குழாய்களில் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. ரேடியோ தன் சொந்தக் குரலில் "சபாஷ்" என்றான். அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

அப்புறம்தான் டைரக்டர் உள்ளே வந்து சேர்ந்தார்.

"நல்லா வந்திருக்கே. நான் காட்டின மாதிரி பிடிச்சியா?"

"ஆமா சார்."

"அங்க ஒருத்தி இருக்காளே. காலையிலேர்ந்து சொல்லித் தர்றேன். மண்டையில ஏறவே இல்லை. புரியுதா?"

சாயந்திரம் கமிட்டி தலையாட்டிவிட்டுப் போனது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். புதுசு பையை எடுக்க வந்தபோது ஒரு மேசையில் மட்டும் விளக்கு எரிந்தது.

சூயிங்கம் அக்கா அப்போதுதான் தன் குழாய்களை ஐஸிலிருந்து எடுத்து வைத்துத் தன் வேலையை ஆரம்பித்திருந்தாள். பிப்பெட் அவள் கையில் ஆறாவது விரல் மாதிரி இருந்தது. பார்க்காமலே ஒரு தட்டு முழுக்கத் துளி விட்டு அடுத்த தட்டுக்குப் போனாள்.

புதுசால் வாயை அடக்க முடியவில்லை.

"பிப்பெட் பிடிக்க வந்துடுச்சு போலிருக்கேக்கா."

அக்கா திரும்பவில்லை. "உன் கோடு படுத்துச்சா?"

"படுத்துச்சு."

"நல்லது. போய்த் தூங்கு." அடுத்த துளி விழுந்தது. "நாளைக்கு ரேடியோவோட சோதனை. பிப்பெட்டை வச்சு இனிமே ஓட்ட முடியாது. சார்கிட்ட கேக்கறதுக்கு வேற ஏதாவது ஒரு சந்தேகம் யோசிச்சுக் குடேன்."