ஸ்கூட்டரில் விழுந்த மூக்கு

மைக் டைசனுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார் மாப்பிள்ளையின் தாய்மாமா.

காபித் தட்டோடு கதவோரம் நின்ற மதிவதனிக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்தது.

உலகத்தின் தலைசிறந்த குத்துச்சண்டைக்காரர்கள் பத்துப் பேர் என்று ஏதோ ஒரு வீடியோவை, நன்னிலத்திலிருந்து விழிதியூர் வரும் வரை காரில் பார்த்துக்கொண்டே வந்தாராம் சோமசேகரன் மாமா. பெண் பார்க்க வந்த வீட்டில் பேச வேறு விஷயமா இல்லை? மழை இருக்கிறது, நடவு இருக்கிறது, திருநள்ளாற்றுச் சனிக்கிழமைக் கூட்டம் இருக்கிறது. மனிதர் அதையெல்லாம் விட்டுவிட்டு விரல் மடக்கி வரிசை போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பேசப் பேச மாப்பிள்ளையின் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாள். பாவம், சலிப்பாக இருக்கும் என்று மதி நினைத்தாள்.

அப்பா நீலகண்டன் மின்விசிறியைப் பார்த்தபடி மீசையைத் தடவினார். மகளோடு உட்கார்ந்து பழைய சண்டைகளையெல்லாம் பார்த்தவர் அவர். அவருக்கும் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அம்மா இருவர் வாய்க்கும் சேர்த்தே பூட்டுப் போட்டிருந்தாள்.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. குத்துச்சண்டை போடுகிற பெண் என்று தெரிந்ததும் ஒருவர் ஜாதகம் பொருந்தவில்லை என்றார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. அதனால் இந்த முறை மதியின் கையுறைகள் நெல் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டன. லேசாகச் சாய்ந்திருக்கும் அவள் மூக்குக்கு ஒரு ஸ்கூட்டர் விபத்து தயாராகிவிட்டது. காரைக்காலில் எந்த வேகத்தடை, எந்தப் பக்கம் விழுந்தாள், ஓடிவந்து தூக்கிவிட்டது யார் என்பதுவரை அம்மா ஜோடித்து வைத்திருந்தாள்.

மதி இதற்கெல்லாம் தலையாட்டியது மாப்பிள்ளை சிவநாதனுக்காகத்தான். திருநள்ளாற்றில் வங்கி வேலை. போனில் இரண்டு தடவை பேசினான். இரண்டு தடவையும் வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தான். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. ரிங்கில் ஏறுவதும் பிடித்திருந்தது. ஒன்றைச் சொன்னால் இன்னொன்று போய்விடுமோ என்ற பயத்தில் சரியாகத் தூங்கியே நாளாகியிருந்தது. அவனிடம் பொய் சொல்கிறோமே என்பது வேறு உறுத்தியது.

இரண்டாவது, முகமது அலி. சரி, பொறுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் பட்டத்தை விட்டுக்கொடுக்காத ஜோ லூயிஸ் எட்டாவதாம். சுகர் ரே ராபின்சன் பெயரையே காணோம். உப்பே போடாமல் சாம்பாரைப் பரிமாறுகிற கதைதான்.

பட்டுப் புடவைக்குள் அவள் குதிகால் தரையில் நிற்க மாட்டேன் என்றது. தட்டில் தம்ளர்கள் இடித்துக் கிணுகிணுத்தன.

அம்மா ஜாடை காட்டினாள். மதி நகர்ந்து காபி கொடுத்தாள். மாமா எடுத்துக்கொண்டார், மாப்பிள்ளையின் அம்மா எடுத்துக்கொண்டாள். சிவநாதன் நிமிர்ந்து சிரித்தான். அவளுக்குத் திரும்பச் சிரிக்க வரவில்லை.

கடைசியாக அவன் தங்கை. காலேஜில் படிக்கிறாள், வீட்டில் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள். வந்ததிலிருந்து மதியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஸ்கூட்டர் கதையைச் சொன்னபோது தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். திமிர் பிடித்தவள்.

பாப்பா தம்ளருக்குக் கையை நீட்டினாள். இடது கை.

மதியின் தலை தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. மோவாய் தாழ்ந்தது. தட்டு சாய்ந்து கொஞ்சம் காபி புடவையில் கொட்டியது.

“வலது கையால வாங்கு பாப்பா, எத்தன தரம் சொல்றது!” என்று மாப்பிள்ளையின் அம்மா அதட்டினாள்.

பாப்பா கையை மாற்றிக்கொண்டாள்.

மதிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. போன வருஷம் தஞ்சாவூர் போட்டியிலிருந்தே இந்தத் தொல்லை. முதல் ரவுண்டில் எதிரே நின்ற நீல உடைக்காரி மூக்கில் விட்ட ஒரே ஒரு இடது கைக் குத்து. அது வந்ததை மதி பார்க்கவே இல்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. தலைக்கவசம் பாதியை மறைத்திருந்தது, மீதியைத் தன் ரத்தமே மறைத்துவிட்டது. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து யார் இடது கையை நீட்டினாலும், பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுத்தால்கூட, தலை இப்படித்தான் ஒதுங்கும்.

மாமா முடிவுக்கு வந்திருந்தார்.

“டைசன ஒருத்தனாலயும் சாய்க்க முடியலங்க, கடைசி வரைக்கும்!” என்று தொடையில் தட்டினார்.

அம்மாவின் முகம் மதிக்குத் தெரிந்தது. மூன்றாவது இடமும் கையைவிட்டுப் போகப்போவது தெரிந்தது. வாய் கேட்கவில்லை.

“டக்ளஸ்!”

சொன்னது அவள் மட்டுமல்ல. அதே நொடியில் பாப்பாவும் சொல்லியிருந்தாள்.

டைசனை முதன்முதலில் சாய்த்தவன் பெயர் அது. மாமா மடக்கிய விரலை விரிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு அம்மாக்களும் சேர்ந்தாற்போலத் தொண்டையைச் செருமினார்கள். சிவநாதன் காபியைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

மதி பாப்பாவின் கையைப் பார்த்தாள். விரல் முட்டிகளில் தோல் காய்த்துப்போயிருந்தது. தம்ளர் மறுபடி இடது கைக்குப் போயிருந்தது. இந்த முறை யாரும் அதட்டவில்லை.

பாப்பா எழுந்து பக்கத்தில் வந்தாள். மதியின் மூக்கைக் கிட்டத்தில் ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள்.

“அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கணும்னு நெனச்சேன்” என்றாள். “இப்ப தேவலாமா, அண்ணி?”