கண்ணாடிக்கு வெளியே

மிருகக்காட்சிசாலையில் அனகோண்டாவுக்குப் பக்கத்துக் கண்ணாடி அறை காலியாகக் கிடந்தது. தண்ணீர் போகும் ஓட்டை வழியாக ஒரு சாரைப்பாம்பு அதற்குள் புகுந்து, நன்றாகத் தெரியும்படி நீட்டிப் படுத்துக்கொண்டது.

"அண்ணே, இனிமே நானும் உங்களை மாதிரிதான்" என்றது சாரை.

"நீ உள்ளூர்க்காரன். உன்னை யாருப்பா நின்னு பார்ப்பாங்க?" என்றது அனகோண்டா.

கூட்டம் வந்தது. மீசைக்காரர் ஒருவர் சாரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது நம்ம வைக்கோல் போர்லயே கெடக்குமே. வாங்க, பெரிசைப் பார்ப்போம்" என்று குடும்பத்தை அனகோண்டா பக்கம் நகர்த்தினார். பின்னால் வந்தவர்களும் அப்படியே நகர்ந்தார்கள்.

சாரைக்கு வெறுத்துப்போனது. வந்த ஓட்டை வழியாகவே வெளியேறி, புதருக்குப் போக நடைபாதையில் இறங்கியது.

"பாம்பு, பாம்பு!"

மீசைக்காரர் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். அனகோண்டாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மொத்தக் கூட்டமும் செல்போனைத் தூக்கியது. வேகமாகப் போய்க்கொண்டிருந்த சாரை, அதைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி மெதுவாக ஊர்ந்தது.

அனகோண்டா கண்ணாடியில் முகத்தை அழுத்தியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, எனக்கு மறைக்குது."