காரணம் என்ற கட்டம்

"மேலிருந்து யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் நேர்மையாக இருங்கள்." கடவுள் மறுப்பாளர் சங்கச் செயலாளர் தங்கப்பழம் கொண்டுவந்த விளம்பரத்தில் இந்த இரண்டு வரிகள்தான் இருந்தன. நாளிதழின் விளம்பரப் பிரிவில் இருக்கும் வாகினி அதை மேலாளரிடம் எடுத்துப் போனாள். தாயத்து விளம்பரத்துக்கு முழுப்பக்கம் ஒதுக்கிய அவர் இந்தத் தாளைக் கையால்கூடத் தொடவில்லை. "இடமில்லைன்னு சொல்லி அனுப்பிடும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்து, "இடமில்லைங்க சார்" என்றாள் வாகினி.

தங்கப்பழம் எழுந்திருக்கவில்லை. "நாலு பத்திரிகையிலயும் இதையேதான் சொன்னாங்க. நீங்களாவது எழுதிக் குடுங்கம்மா."

மறுப்புச் சீட்டை எடுத்தவள் கைப்பழக்கத்தில் அதன் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டாள். அவர் அதைப் பார்த்தார். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இதே கட்டத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொய்கள் எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் ஒரு விளக்கேற்றி, மன்னிச்சுக்கோ தாயே என்று விழுந்து கும்பிட்டால் மனசு லேசாகிவிடும்.

"மெதுவா எழுதுங்கம்மா. நான் இருக்கேன்."

மேலாளரின் கண்ணாடி அறை காலியாகக் கிடந்தது. இந்த மனிதர் சொல்வதே உண்மையாக இருந்துவிட்டால், இந்தப் பொய்க்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? வாகினி நிமிர்ந்தாள். எதிரில் அவர் ஒருவர்தான் இருந்தார், சீட்டுக்காகக் கையை நீட்டியபடி.