தீக்குச்சி வெளிச்சத்தில்

பதுங்கு அறைக்கு இறங்கும் படிகளில் நின்று வழிகாட்டிப் பெண் பேசுகிறாள். தெரு வெயில் மேல்படிகளோடு நின்றுவிடுகிறது. கீழே ஈரச் சுவரின் வாடை. போர் நடந்த தெருக்களைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தின் கடைசியில், முதல் முறையாக இன்று அவளுடைய அம்மாவும் கைப்பையை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். "அபாயச் சங்கு ஊதினதும் விளக்கெல்லாம் அணைஞ்சுபோச்சு. ஒரு அம்மா தன் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு இங்கே ஓடி வந்தாங்க. தீக்குச்சியைக் கிழிச்சுப் பாத்தா, அது பக்கத்து வீட்டுக் குழந்தை. விடிஞ்சு மேலே போனா, தெருவே இல்லை. அந்தக் குழந்தையை அவங்களே வளத்தாங்க." தினமும் சொல்வதுதான், இன்று அம்மா நிற்கும் பக்கம் பார்க்காமல் சொல்கிறாள். அந்தக் குழந்தை தான்தான் என்று அவள் எந்தக் கூட்டத்திடமும் சொன்னதில்லை. "பெத்தவளுக்குத் தன் பொண்ணு கை தெரியாதா?" என்கிறார் தொப்பிக்காரர். "சந்தையில என் கைன்னு நெனச்சு யார் கையையோ பிடிச்சவர்தானே நீங்க, சும்மா இருங்க," என்று அவர் மனைவி இடிக்கிறாள். சிரிப்பு அடங்கியதும் அந்த மனைவியே கேட்கிறாள்: "அந்தக் குழந்தையைப் பாக்கும்போதெல்லாம் அந்தம்மாவுக்கு மனசு ஆறியிருக்காதே?" வழிகாட்டி ஆயுள் முழுக்கக் கேட்கப் பயந்த கேள்வி அது. "ஆறலைம்மா," என்கிறது பின்னாலிருந்து அம்மாவின் குரல். எல்லோரும் திரும்புகிறார்கள். "இவளுக்குத் தலை பின்னும்போது என் பொண்ணு நெனப்பு வந்துடும். அழுது முடிக்கிற வரைக்கும் இவளைத் திரும்ப விடமாட்டேன். பின்னினதை அவிழ்த்து மறுபடி பின்னுவேன்." வழிகாட்டியின் கை தன் பின்கழுத்துக்குப் போகிறது. "வகிடு கோணிப்போச்சுன்னு சொல்லுவியேம்மா," என்கிறாள்.